அமைதிச் சபைக்கு ஒரு பொன்னாடை

நம் ஊரில் வார்டு கவுன்சிலர் ஒரு தெருவிளக்கு மாட்டினாலே பிளெக்ஸ் பேனர் வைத்து, சால்வை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்துவிடுகிறோம். உலகம் முழுவதற்கும் அமைதியைப் பட்டுவாடா செய்யும் பொறுப்பை எண்பது ஆண்டுகளாகச் சுமந்துவரும் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு ஒரு கைத்தறித் துண்டு போர்த்தக்கூட ஆளில்லை. திட்டுவதற்கு மட்டும் வரிசையில் நிற்கிறார்கள். கையாலாகாத சபை, பேச்சு மன்றம், வெட்டிக் கூட்டம் என்று வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். எல்லாம் அபாண்டம். அந்தச் சபை எதிலும் தோற்றதே இல்லை. தனக்கென்று வகுத்துக்கொண்ட வேலையைக் கனகச்சிதமாகச் செய்துவருகிறது. அது என்ன வேலை என்பதைத்தான் நாம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம்.

முதலில் மண்டபத்தைப் பார்த்துவிடுவோம். நியூயார்க்கில், கிழக்கு ஆற்றின் கரையில் இருக்கிறது. உள்ளே அலங்கரித்துக் கொடுத்தது நார்வே. குதிரை லாடமாக வளைந்த மேசை. அதன் பின்சுவரில் பெர் குரோக் என்ற நார்வே ஓவியர் தீட்டிய பிரமாண்டமான சித்திரம். சாம்பலிலிருந்து ஃபீனிக்ஸ் பறவை எழுகிறது. ஓவியர் தீர்க்கதரிசி. எல்லாம் சாம்பலான பிறகுதான் இந்த மேசையிலிருந்து ஏதாவது எழும்பும் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். பத்துப் பேர் இரண்டு வருஷம் இருந்துவிட்டுக் காலி செய்யும் வாடகைதாரர்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து பேர் பட்டாதாரர்கள். இவர்களில் ஒருவர் எதிர்த்துக் கையைத் தூக்கினால் போதும், மற்ற பதினான்கு கைகளுக்கும் மதிப்பில்லை. வீட்டோ என்கிறார்கள். இத்தகைய அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் அமைதிக் காவலர்களுக்குச் சொந்தத் தொழில் என்ன? ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி நிறுவனம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. 2019 முதல் 2023 வரை உலகில் நாடு விட்டு நாடு போன பெரிய ஆயுதங்களில் அமெரிக்கா விற்றது 42 சதவீதம். பிரான்ஸ் 11, ரஷ்யா 11, சீனா 5.8, பிரிட்டன் 3.7. கூட்டினால் 73.5 வருகிறது. டாஸ்மாக் கடைகளைக் கவனிக்கும் துறைக்கு 'மதுவிலக்கு' என்று பெயர் வைத்திருக்கும் நகைச்சுவை நம்முடைய சொந்தச் சரக்கு என்று யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். ஒரிஜினல் சரக்கு நியூயார்க்கில் இருக்கிறது.

தகராறில் சம்பந்தப்பட்டவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று ஐ.நா. சாசனத்தின் 27ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு. படித்தால் மெய்சிலிர்க்கும். அடுத்த கணமே சிலிர்ப்பு அடங்கிவிடும். 'உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று புத்தி சொல்லும் ஆறாம் அத்தியாயத் தீர்மானங்களுக்குத்தான் அந்த வரி. பொருளாதாரத் தடை, படை நடவடிக்கை என்று வலிக்கும்படி எதையாவது செய்ய இடம்கொடுக்கும் ஏழாம் அத்தியாயத்துக்கு அது செல்லாது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் நேரலையில் ஒளிபரப்பானது 2022 பிப்ரவரி 23 இரவு. உக்ரைன் கேட்டுக்கொண்டதன்பேரில் அவசரக் கூட்டம். தலைமை நாற்காலி மாதம் ஒரு நாட்டுக்கு, ஆங்கில அகரவரிசைப்படி சுற்றிவரும். பிப்ரவரியில் முறை ரஷ்யாவுக்கு. ரஷ்யத் தூதர் வசீலி நெபென்சியா தலைமையில் அமர்ந்திருக்க, போரைத் தவிர்க்க வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுதிவந்த உரையை வாசிக்கிறார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்கோவில் புதின் தொலைக்காட்சியில் தோன்றிப் படையெடுப்பை அறிவித்துவிட்டார். கைபேசிதான் இருக்கிறதே, உங்கள் வெளியுறவு அமைச்சரை இப்போதே கூப்பிட்டுக் கேளுங்கள் என்கிறார் உக்ரைன் தூதர். இந்த நேரத்தில் அமைச்சரை எழுப்புவதாக இல்லை என்கிறார் தலைவர். ஒரு நாட்டின் மேல் ஏவுகணை விழுகிறது. இவர்களுக்கு அமைச்சரின் தூக்கம் கலையக்கூடாது. இரண்டு நாள் கழித்துக் கண்டனத் தீர்மானம் வந்தது. பதினொரு பேர் ஆதரவு, ரஷ்யா வீட்டோ. தீர்மானம் தோற்றது என்று அறிவிக்கும் பாக்கியமும் அதே தலைவருக்கே.

இது பரவாயில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வல்லரசு, யார் என்ன செய்ய முடியும் என்று சமாதானம் சொல்லலாம். வல்லரசு இல்லாத இடத்தில் சபை எப்படி வேலை செய்தது என்பதற்கு ருவாண்டா இருக்கிறது.

1994 ஜனவரி 11. கிகாலியில் இருந்த ஐ.நா. படையின் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ டலேர், தலைமையகத்துக்கு ஒரு தந்தி அனுப்புகிறார். ஆயுதங்களைப் பதுக்குகிறார்கள், துட்சி இனத்தவரின் பெயர்களைப் பட்டியல் போடுகிறார்கள், உள்ளிருந்தே தகவல் வந்திருக்கிறது, பதுக்கலைக் கைப்பற்றப் போகிறேன் என்கிறார். நியூயார்க்கிலிருந்து உடனே பதில் வந்தது. இந்த விஷயத்தில் மட்டும் தாமதமே இல்லை. உமக்கு அந்த அதிகாரம் கிடையாது, கிடைத்த தகவலை ருவாண்டா ஜனாதிபதியிடம் போய்ச் சொல்லும். அதாவது, யாருடைய ஆட்கள் கத்தி தீட்டுகிறார்களோ அவரிடமே போய் 'கத்தி தீட்டுகிறார்கள்' என்று புகார் கொடுத்துவிட்டு வரச்சொன்னார்கள்.

ஏப்ரல் 7ஆம் தேதி கொலை தொடங்கியது. அன்றே பெல்ஜியத்தைச் சேர்ந்த பத்து அமைதிப்படையினரும் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கிகாலியில் பெல்ஜியப் படைப்பிரிவு ஒன்று தங்கியிருந்த தொழில்நுட்பப் பள்ளியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கேட்டுக்கு வெளியே வெட்டுக்கத்திகளோடு கும்பல் காத்திருந்தது. அங்கிருந்த வெளிநாட்டவர்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்ட பிறகு, ஏப்ரல் 11ஆம் தேதி படை வண்டிகளும் கிளம்பின. ஜனங்கள் வண்டிக்கு முன்னால் விழுந்து மறித்தார்கள். படையினர் வானத்தைப் பார்த்துச் சுட்டு, வழி உண்டாக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். தஞ்சம் புகுந்தவர்களில் பெரும்பாலோரை அன்றைக்கே கொன்று தீர்த்தார்கள்.

சபை என்ன செய்தது? ஏப்ரல் 21ஆம் தேதி கூடி, இரண்டாயிரத்து ஐநூறு பேர் இருந்த படையை 270 ஆகக் குறைத்தது. தீர்மானம் எண் 912. அதே ஆண்டில் ருவாண்டாவும் பாதுகாப்புச் சபையின் தற்காலிக உறுப்பினர். கொலையை நடத்திக்கொண்டிருந்த அரசின் தூதர் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் எழுந்துபோகச் சொல்லவில்லை. மே மாதம் மனது மாறி 5,500 பேரை அனுப்பத் தீர்மானித்தார்கள். போகக் கவச வண்டி வேண்டுமே? அமெரிக்காவிடம் கேட்டார்கள். வாடகை எவ்வளவு, ஏற்றியிறக்கும் செலவு யார் தலையில் என்று வாரக்கணக்கில் பேரம் நடந்தது. பேரம் படிந்து வண்டி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர்.

இப்போது நம் அரசு அலுவலகப் பழக்கத்தில் ஒரு கேள்வி வரும்: யாரை சஸ்பெண்ட் செய்தார்கள்? அமைதிப்படைத் துறையின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் கோஃபி அன்னான். மறு வருஷம் போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தபோதும் அவருடைய துறைதான். 1997இல் அவர் ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனார். 1999 நவம்பரில் ஸ்ரெப்ரெனிட்சா பற்றி ஓர் அறிக்கை, டிசம்பரில் ருவாண்டா பற்றி ஓர் அறிக்கை. இரண்டும் அவர் காலத்திலேயே வெளிவந்தன, இரண்டிலும் ஐ.நா. தவறியது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தது. வருத்தம் தெரிவித்தார். 2001இல் அவருக்கும் ஐ.நா.வுக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மனிதர் நல்லவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நம்புகிறேன். நல்லவர்களை மேலே உட்காரவைத்துக் கொலைகளைக் கடந்துபோக முடிகிற ஓர் ஏற்பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ரெப்ரெனிட்சா கதை இன்னும் சுத்தமான வேலை. போஸ்னியாவின் அந்தச் சிறு நகரத்தை 1993 ஏப்ரல் 16ஆம் தேதி 819ஆம் தீர்மானத்தின் மூலம் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தார்கள். நம்பி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். காவலுக்கு நெதர்லாந்துப் படை. 1995 ஜூலை 11ஆம் தேதி போஸ்னிய செர்பியத் தளபதி ராட்கோ மிலாடிச் உள்ளே நுழைந்தார். நெதர்லாந்துத் தளபதி அவருக்கு எதிரே கையில் கோப்பையோடு நிற்கும் காட்சி வீடியோவில் இருக்கிறது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்களும் பையன்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படைத் தளத்துக்குள்ளேயே ஒதுங்கியிருந்த சுமார் 350 ஆண்களையும் வெளியே அனுப்பிவைத்தது அமைதிப்படை. 2006இல் அந்தப் படைப்பிரிவுக்கு நெதர்லாந்து அரசு விழா எடுத்துச் சின்னம் அணிவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார்கள். 2017இல் ஒரு நீதிமன்றம், அந்த 350 பேர் விஷயத்தில் அரசுக்கு 30 சதவீதப் பொறுப்பு உண்டு என்றது. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூட்டிக் கழித்துப் பார்த்து, 10 சதவீதம் போதும் என்று முடித்தது. வெளியே தள்ளிவிடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க அவ்வளவுதான் வாய்ப்பு என்பது தீர்ப்பின் கணக்கு. ஒரு தாய் மகனைப் பத்து சதவீதம் மட்டும் இழக்க முடியுமா என்று கேட்க அங்கே சட்டத்தில் இடமில்லை.

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2008 செப்டம்பர். இலங்கையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் நடக்கிறது. வன்னியில் உங்கள் பாதுகாப்புக்கு நாங்கள் உத்தரவாதம் இல்லை என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. தன் வெளிநாட்டு ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து கிளப்பியது. அலுவலக வாசலில் சனம் கூடி நின்று, போகாதீர்கள், நீங்கள் போனால் பார்க்க ஆளில்லாமல் எங்களைக் கொல்வார்கள் என்று கெஞ்சியது. போய்விட்டார்கள். சனம் சொன்னது அப்படியே நடந்தது. 2009 ஜனவரி தொடங்கி அரசு அடுத்தடுத்து மூன்று முறை 'சூடு தவிர்ப்பு வலயம்' அறிவித்தது. ஒவ்வொரு வலயத்துக்குள்ளும் ஷெல் விழுந்தது. மருத்துவமனைகளின் மேல் விழுந்தது. விடுதலைப் புலிகளும் சனத்தை வெளியே விடவில்லை. தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். முன்னாலும் சாவு, பின்னாலும் சாவு.

கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகத்தில் ஒரு குழு உயிரிழப்பைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக அந்தக் கணக்கு சொன்னது. வெளியிட்டார்களா? சரிபார்க்க முடியவில்லை என்று பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். சரிபார்க்கக்கூடிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் அவர்களேதான். பாதுகாப்புச் சபை இலங்கைக்காக முறையான கூட்டம் ஒன்றைக்கூட நடத்தவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயமாம். பதிவேடு வைக்காத முறைசாராச் சந்திப்புகளில் கிசுகிசுத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தபின், 2011இல், நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று பொதுச் செயலாளரின் நிபுணர் குழு எழுதியது. 2012 நவம்பரில் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள் ஆய்வு, ஐ.நா. கடமை தவறியது என்று எழுதியது. சில பகுதிகளைக் கறுப்பு மையால் அழித்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். தப்பை ஒப்புக்கொள்ளும் தாளிலும் மறைக்க ஏதோ இருந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஐ.நா.வின் நகைச்சுவை உணர்வு உச்சத்தைத் தொடுகிறது. இறுதிப் போரில் 58ஆவது டிவிஷனை வழிநடத்திய ஷவேந்திர சில்வா 2010இல் ஐ.நா.வில் இலங்கையின் துணை நிரந்தரப் பிரதிநிதியாக நியூயார்க் வந்து சேர்ந்தார். அவருடைய படையின் மேல் நிபுணர் குழு அடுக்கிய குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். 2012 ஜனவரியில் ஆசிய நாடுகளின் சார்பாக அவரை ஒரு குழுவுக்கு அனுப்பினார்கள். என்ன குழு தெரியுமா? அமைதிப்படை விவகாரத்தில் பொதுச் செயலாளருக்கு ஆலோசனை சொல்லும் குழு! குழுத் தலைவி லூயிஸ் ஃபிரெஷெட் வெட்கம் தாங்காமல், இவர் பங்கேற்பது பொருத்தமில்லை என்று ஒதுக்கிவைத்தார். அந்த ஒரு அம்மாவுக்கு வந்த கூச்சம் அனுப்பிவைத்த ஆசிய நாடுகளில் ஒன்றுக்கும் வரவில்லை.

அமைதிப்படை என்றதும் ஹெய்தியை விட்டுவிடக் கூடாது. 2004க்கும் 2007க்கும் இடையில் அங்கே போன இலங்கைப் படையினரில் குறைந்தது 134 பேர் சிறுவர் சிறுமிகளைப் பாலியல் இரையாக்கினார்கள் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் 2017இல் ஐ.நா.வின் உள் அறிக்கையைக் கொண்டே எழுதியது. 114 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிறைக்குப் போனவர் எவருமில்லை. 2010இல் அதே நாட்டில் ஐ.நா. முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். மன்னிப்பு கேட்க ஆறு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டவர்களிடம், ஐ.நா.வுக்குச் சட்ட விலக்கு உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லி அனுப்பியது.

இத்தனை அறிக்கைகளைப் படித்துப் பாடம் கற்றார்களா என்றால், கற்றார்கள். பெட்ரி அறிக்கைக்குப் பிறகு 2013இல் 'மனித உரிமைக்கே முன்னுரிமை' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவம் ரோஹிங்கியாக்களின் கிராமங்களைக் கொளுத்தியது. ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019இல் கெர்ட் ரோசென்தால் என்பவர் ஐ.நா. என்ன செய்தது என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். இலங்கையில் நடந்த அதே தவறுகள் என்றார். தனிப்பட்ட எவர்மேலும் பழியில்லை, அமைப்பு முழுவதன் கோளாறு என்றார். ஆகா! அமைப்புக்கு மெமோ கொடுக்க முடியாது, பென்ஷனை நிறுத்த முடியாது, கைவிலங்கு மாட்ட முடியாது. பழியை ஏற்றிவைக்க இதைவிடப் பத்திரமான தோள் கிடைக்குமா?

இவர்களுடைய வேலை இதுதான். உயிரைக் காப்பாற்றுவது அல்ல. உயிர் போனதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதை உறுதிப்படுத்துவது. அந்த வேலையில் ஒரு நாளும் பிசகு இல்லை.

சங்கப் புலவர் கோவூர் கிழாரை நினைத்துக்கொள்கிறேன். பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறவைக்கச் சோழ அரசன் கிள்ளிவளவன் ஏற்பாடு செய்தபோது, குறுக்கே போய்ப் பாடித் தடுத்தவர். யானை மிரட்டலாக நிற்கிறது, அரசன் கோபமாக இருக்கிறான், புலவன் கையில் படையுமில்லை வீட்டோவுமில்லை. ஆனால் அவர் போன நேரம் சரியான நேரம்: பிள்ளைகள் உயிரோடு இருந்தபோது போனார். அவர் ஐ.நா.வில் உத்தியோகம் பார்த்திருந்தால், யானை காலைத் தூக்கியபோது 'ஆழ்ந்த கவலை' தெரிவித்திருப்பார், கால் இறங்கியபோது கொழும்புக்கோ நைரோபிக்கோ இடம்பெயர்ந்திருப்பார், பதின்மூன்று ஆண்டு கழித்து 'யானை-சிறார் ஒருங்கிணைப்பில் ஏற்பட்ட அமைப்புரீதியான இடைவெளிகள்' என்று பளபளப்பான தாளில் அறிக்கை தந்து, ஓய்வுபெற்றிருப்பார்.

காஸாவில் அறிக்கைக்குக்கூடக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. எல்லாம் ஒவ்வொரு நாளும் கைபேசித் திரையிலேயே நடந்தது. 2023 டிசம்பர் 8ஆம் தேதி போர்நிறுத்தத் தீர்மானத்துக்குப் பதிமூன்று கைகள் ஆதரவாக உயர்ந்தன. பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது அமெரிக்கத் தூதரின் ஒற்றைக் கை மேலே போனது. அந்தக் கைக்குச் சொந்தமான நாடுதான், சிப்ரியின் அதே ஐந்தாண்டுக் கணக்கில், இஸ்ரேல் வாங்கிய பெரிய ஆயுதங்களில் 69 சதவீதத்தைக் கொடுத்தது. 2025 செப்டம்பர் 18ஆம் தேதி ஆறாவது முறையாக அந்தக் கை மேலே போனது. அப்போது மற்ற பதினான்கு பேரும் ஒரே பக்கம். என்ன பிரயோஜனம்?

நாம் யாரையும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள முடியாது. முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27ஆம் தேதி, ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் இலங்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கண்டித்து அல்ல, கொழும்பைத் தட்டிக்கொடுத்து. ஆதரவு 29, எதிர்ப்பு 12, ஒதுங்கியவர்கள் 6. அந்த 29 கைகளில் ஒன்று இந்தியாவின் கை. உக்ரைனுக்காக வந்த தீர்மானத்தில் அந்தக் கை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

அந்த இந்தியாவுக்குத்தான் இப்போது பாதுகாப்புச் சபையில் நிரந்தர நாற்காலி வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கோரிக்கை மாறுவதில்லை. மக்கள்தொகையைக் காரணம் காட்டுகிறோம், பொருளாதாரத்தைக் காட்டுகிறோம், அமைதிப்படைக்கு அனுப்பிய ஆட்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறோம். உண்மையான தகுதியை மட்டும் கூச்சத்தால் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். 2019 முதல் 2023 வரை உலகிலேயே அதிகமாக ஆயுதம் வாங்கிய நாடு இந்தியா. விற்பவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் வாங்குபவருக்கும் ஓர் இடம் கேட்கிறோம், அவ்வளவுதான். இன்றில்லாவிட்டால் நாளை கொடுத்துவிடுவார்கள். நல்ல வாடிக்கையாளரை வாசலில் நிற்கவைப்பது வியாபாரத்துக்கு அழகில்லை.